உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி

சுவாவெலு மீன்குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஊர்வம்புக்கும் அவள்தான் முதல் ஆள். ஆனால் மஹாஜம்பா வளைகுடாப் பக்கம் போய் அவளைப் பற்றிக் கேட்டால் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். "யாரு, கண்ணு நறுக்குறவளா?" என்றுதான் கேட்பார்கள்.

இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. தொட்டியில் அடைபட்ட தாய் இறால் லேசில் சினைப்படாது. கண்காம்புக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் ஹார்மோன், 'இப்போது வேண்டாம், பொறு' என்று முட்டைகளை அடக்கி வைக்கும். சுடவைத்த கொறட்டால் ஒரு கண்ணை எடுத்துவிட்டால் அந்த அடக்கம் பாதியாகும், சில நாளில் முட்டை வந்துவிடும். இரண்டு கண்ணையும் எடுத்தால் இறால் தாங்காது. சுவாவெலு கைபட்ட இறால்கள் பெரும்பாலும் பிழைத்தன, அதனால் கொறடு அவள் கையைவிட்டுப் போகவே இல்லை. கெட்டிக்காரிக்குக் கிடைக்கிற தண்டனை வேறென்ன?

மகள் வூலாவின் இடக்கண்ணில் பூ விழுந்ததும் ஊர் வாய் திறந்துகொண்டது. செய்த வினை வீடு தேடி வரும் என்பது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாத்தனார் ஸலிமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இறால்கிட்டப் பறிச்ச கண்ணு எங்க போகும்? வீட்டுக்குத்தான் வரும்" என்றாள். சுவாவெலு அவள் புருஷனின் குடியைச் சொல்லி வாயை அடைத்தாள். ஆனாலும் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. விடாவிட்டால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் தலைநகரிலிருந்து ஹைங்கு வந்தாள். மரபணு படித்தவள். அந்த ஹார்மோன் நேராக உண்டாவதில்லை என்று அவள் சொன்னாள். மரபணு சொல்படி முதலில் நீளமான ஒரு புரதச் சங்கிலி உருவாகுமாம். அதைச் சரியான இடத்தில் நறுக்கினால்தான் ஹார்மோன் கிடைக்குமாம்.

"அப்ப உள்ளயும் ஒரு சுவாவெலு கொறட்டோட உக்காந்திருக்கான்னு சொல்லுங்க."

ஹைங்கு சிரித்துவிட்டாள். "அவ வேலை செய்யாம சும்மா இருக்கற இறாலத்தான் தேடறேன்க்கா. அது கண்ண எடுக்காமலே சினைப்படும். ஒண்ணு கெடைச்சாப் போதும். அதோட வம்சத்தப் பெருக்கிட்டா அப்புறம் யாரு கண்ணையும் நீங்க தொட வேண்டாம்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சுவாவெலு அந்தப் பருவம் முழுக்க உயிரோடு இருந்தாள். ஹைங்குவின் தேடலுக்காக ஒரு தொட்டிக்கு மட்டும் கொறடு கிடையாது. தினமும் டார்ச் அடித்து ஒவ்வொரு இறாலின் முதுகையும் பார்ப்பாள். சினை இருந்தால் ஓட்டுக்குள் கரும்பச்சையாய் ஒரு பட்டை தெரியும். ஒன்றிலும் தெரியவில்லை. பொரிப்பகத்துக்குக் குஞ்சு போதவில்லை. பருவம் முடிந்தது, அந்தத் தொட்டியையும் நறுக்கிவிடு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

நறுக்க வேண்டிய அன்றுதான் பக்கத்துப் பட்டணமான மஹாஜங்காவுக்குக் கண் டாக்டர் வந்திருந்தார். கடல் நீர் வடிவதற்குள் படகு கிளம்பியாக வேண்டும், வூலா படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நறுக்குமுன் கடைசியாக ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள் ஹைங்கு. பாதி இறால்களைத்தான் சுவாவெலு பார்த்தாள். படகுக்காரன் சத்தம் போட்டான். இத்தனை நாள் தெரியாத சினை இன்றைக்கா தெரியப்போகிறது என்று மீதியை அப்படியே நறுக்கிவிட்டு ஓடினாள்.

டாக்டர் வூலாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, தட்டம்மை போட்டபோது வந்த கோளாறு, யாருடைய பாவமும் இல்லை என்றார். மருந்தும் கொடுத்தார். சுவாவெலுவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. மகளுக்கு அரிசி அப்பம் வாங்கிக்கொடுத்தாள். திரும்பும் வழியெல்லாம், ஸலிமாவிடம் எந்தச் சொல்லை முதலில் சொல்லலாம் என்று ருசித்துக்கொண்டே வந்தாள்.

தொட்டிப் பக்கம் ஹைங்கு நின்றுகொண்டிருந்தாள். நறுக்கிய அன்று மாலையே ஓர் இறால் முட்டையைக் கொட்டியிருந்தது. பிஞ்சாக, கட்டிகட்டியாக. பொழுது விடிவதற்குள் செத்தும் போயிருந்தது. நறுக்கின பிறகு சினைப்பட நாள் பிடிக்கும். இது கொறட்டுக்கு முந்திய சினை, டார்ச் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். பிறகு அதன் சதையை எடுத்து மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள், சில வாரம் கழித்து முடிவு வந்தது. சங்கிலியை நறுக்க வேண்டிய அதே இடத்தில் கோளாறு இருந்தது. அந்தத் தொட்டியில் வேறு எதிலும் அது இல்லை.

முடிவு வந்த அன்றும் ஹைங்கு திட்டவில்லை. அவசரத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றாள். திட்டியிருந்தால் சுவாவெலு தாங்கியிருப்பாள்.

"பாப்பா கண்ணுக்கு நீங்க காரணமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாராமே" என்றாள் ஹைங்கு, ஆறுதலாக எதையாவது சொல்ல நினைத்து.

"ஆமா. அதுக்கு நான் இல்லயாம்." சுவாவெலு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள இருந்தவ சும்மாத்தான் இருந்திருக்கா. வெளிய இருந்தவதான் கைய வச்சுட்டா."

கொறடு சூடாகிவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள்.