மாயாண்டி பறக்கவிட்ட ஹெலிகொப்டர்

மாயாண்டியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என் வாய் கோணிக்கொள்ளும். கெட்டதாகச் சொல்லலாம் என்றால் அதற்கும் ஒன்றும் கிடைக்காது. எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். குடிக்கமாட்டான், கோள் சொல்லமாட்டான், யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே எழுந்து போவான். குட்டையான ஆள். காதில் எப்போதும் ஒரு பென்சில் துண்டு செருகியிருக்கும்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மேலே எங்கள் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அந்த ஸ்டோரில் நானும் அவனும் பிட்டர்கள், இயந்திரம் பழுதுபார்க்கிறவர்கள். நான் நாலு வயது மூத்தவன், ஓ.எல். வரை படித்தவன், இங்கிலீஷ் வாசிப்பேன். அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இயந்திரங்கள் ஓ.எல். சர்டிபிகேட்டைப் பார்ப்பதில்லை. கொழுந்து வாட்டுகிற பெரிய காற்றாடிகளில் ஒன்று உதறத் தொடங்கினால் நான் சாமான் பெட்டியைத் திறப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு காற்றாடிக் கூட்டின் மேல் கையை வைப்பான்.

"மூணாவது இலையில அழுக்கு ஏறியிருக்குண்ணே. ஒரு பக்கம் பாரமா சுத்துது."

கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். "நானும் அதத்தான் நெனச்சேன்" என்பேன். நான் அப்படி நினைத்ததே இல்லை.

2003ஆம் வருஷம் எங்களுக்கு மேலே இருந்த பழைய மெக்கானிக் ஓய்வு பெறப்போகிறார் என்று செய்தி வந்தது. மெக்கானிக் என்றால் தனி வீடு, வாசலில் சொந்தக் குழாய். லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் பன்னிரண்டு வருஷம் புகைக்குள் குடும்பம் நடத்திய என் மனைவி அம்மாக்கண்ணு, அந்த வீட்டில் அலுமாரியை எந்த மூலையில் வைப்பது என்றுகூட முடிவுசெய்துவிட்டாள். வயது, படிப்பு இரண்டிலும் நான்தான் முன்னால். வேலை எனக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது ஒரு அட்டைப் பெட்டி. ஸ்டோரைக் கவனித்துக்கொண்டிருந்த சின்னத் துரை, அதாவது உதவி மேனேஜர், கொழும்புக்காரர், கலியாணமாகாதவர். அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ரேடியோவில் இயங்கும் ஹெலிகொப்டர் ஒன்றைத் துண்டு துண்டாக அனுப்பியிருந்தார். நாமே பூட்டிப் பறக்கவிட வேண்டுமாம். சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் என்பதால் அதெல்லாம் நடந்தது. இரண்டு வருஷம் முந்தி என்றால், அந்தப் பெட்டியைத் தொட்ட தோட்டத்து ஆளை விசாரிக்க ஜீப் வந்திருக்கும். அப்போதும் துரை பொலிஸில் ஒரு கடிதம் எழுதி வாங்கித்தான் வைத்திருந்தார்.

ஒரு வாரம் தானே பூட்டிப் பார்த்துவிட்டு முடியாமல் பெட்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மேலே இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. வாங்குவதற்கு நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப்போய்ப் பெட்டியை மாயாண்டியின் மேசையில் வைத்தார்.

"நீ செய். ஃபேன் எல்லாம் நீதானே நல்லா செய்றது" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

வேலை முடிந்ததும் தினமும் இரண்டு மணி நேரம் மாயாண்டி அதோடு உட்கார்ந்தான். பைபையாக ஸ்குரூக்கள், நகத்தளவு பல்சக்கரங்கள், குச்சி குச்சியாகக் கம்பிகள். புத்தகத்தில் படத்தைப் பார்ப்பான், பென்சிலால் ஒரு கோடு போடுவான், பூட்டுவான். மரத்தாலான இரண்டு நீள இறக்கைகளையும் ஒரு கம்பியில் கோத்து, கம்பியை இரண்டு கண்ணாடித் தம்ளர்களின் மேல் வைத்தான். பாரமான இறக்கை சாய்ந்தது. மற்றதன் நுனியில் சிவப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி, இரண்டும் சமமாக நிற்கும்வரை விடவில்லை. பட்டறை வாசலில் கூட்டம் சேரத் தொடங்கியது. குழாயடியில் பக்கத்து லயத்து வீரம்மா என் மனைவியிடமே, "மெக்கானிக்கு வீடு இனி மாயாண்டிக்குத்தானாமே?" என்று கேட்டிருக்கிறாள். அன்று அம்மாக்கண்ணு எனக்குச் சோறு போட்ட சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்டிருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தேயிலை எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஸ்டோருக்குள் கருவாடு வராது, பெயிண்ட் டின் திறக்கக்கூடாது, வாசனை எண்ணெய் தடவிய தலையைக்கூட தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீ மேக்கரையா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் பட்டறை ஸ்டோரோடு ஒட்டியது. ஹெலிகொப்டருக்கான எண்ணெயைத் துரை பங்களாவிலேயே வைத்திருந்தார். ஆனால் பெட்டிக்குள் நீல நிறத்தில் பசைப் போத்தல் ஒன்று இருந்தது. மாயாண்டி மூடியைத் திறந்து முகர்ந்தவன், பாம்பைக் கண்டவன் மாதிரி வெளியே ஓடி அதை மதில்மேல் வைத்துவிட்டு வந்தான். பிறகு புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தான்.

"அண்ணே, இந்தப் போத்தலப் பத்தி என்னா போட்டிருக்கு? கட்டாயம் பூசணுமா?"

தடித்த எழுத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. இரும்போடு இரும்பு சேரும் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் இந்தப் பசை ஒரு துளி வைத்துத்தான் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் கழன்றுவிடும், ஆளுக்கு ஆபத்து.

இரண்டு முறை வாசித்தேன். வாசித்துவிட்டு நான் சொன்னது இதுதான்:

"வேணாம்டா. இது வெயில் நாட்டுக்காரனுக்கு எழுதுனது. அங்க சூட்டுல இரும்பு விரியும். நம்ம குளிருக்கு ஸ்குரூ தானா இறுகிக்கும். நம்ம காத்தாடிக்கெல்லாம் பசையா வைக்கிறோம்?"

கொஞ்சம் யோசித்தான். "அதுவும் சரிதாண்ணே" என்றான். அந்த மணத்தை உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை என்பதில் அவனுக்கும் நிம்மதி. திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல அவன் பட்டறையைச் சாத்தும்வரை நேரம் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு நடக்கும் களத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். கவிழாமல் இருக்க ஹெலிகொப்டருக்கு அடியில் மூங்கில் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் பிளாஸ்டிக் பந்து செருகியிருந்தான் மாயாண்டி. முதல் ஞாயிறு அது சத்தம் போட்டுக்கொண்டு தரையிலேயே ஊர்ந்தது. "மேட்டுல காத்து லேசுங்க, இறக்கைய இன்னுங் கொஞ்சம் சாச்சு வைக்கணும்" என்று அவன் சொல்ல, துரை தலையாட்டினார். இரண்டாவது ஞாயிறு ஒரு சாண் எழும்பி விழுந்தது. துரையின் விரல் அவசரக்கார விரல். மூன்றாவது ஞாயிறு அவரே அலுத்துப்போய் ரேடியோப் பெட்டியை மாயாண்டியிடம் கொடுத்தார்.

"நீ பிடி."

லயத்துச் சனம் முழுக்கக் களத்தைச் சுற்றி நின்றது. மாயாண்டி இரண்டு பெருவிரலையும் குச்சிகளின் மேல் வைத்தான். காற்றாடிக் கூட்டில் கைவைக்கும்போது வருகிற அதே முகம். ஹெலிகொப்டர் எழும்பியது. ஒரு அடி, இரண்டு அடி, நாலு அடி. அங்கேயே நின்றது, கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி. துரை வாயைத் திறந்தபடி நின்றார். அத்தனை பேரும் கும்பிடாத குறையாக அவனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் "விழு, விழு, விழுந்து தொலை" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பொறாமை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

விழுந்தது. வாலிலிருந்த சின்னக் காற்றாடியின் ஸ்குரூ கழன்று, ஹெலிகொப்டர் பம்பரமாகச் சுற்றிச் சரிந்து தரையில் அடித்தது. இறக்கை சிதறியது. ஒரு துண்டு பறந்துவந்து மாயாண்டியின் முகத்தில் பட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் இரத்தம் வந்தது. அவன் மனைவி நாகலெட்சுமி "ஐயோ, கண்ணு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். அவன் கையை விலக்கிப் பார்த்தபோது காயம் புருவத்துக்கு மேலே இருந்தது. கண்ணுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரற்கடைதான். தோட்டத்து டாக்டர் நாலு தையல் போட்டார்.

திங்கட்கிழமை துரை எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தப் புத்தகம் திறந்து கிடந்தது. பசை வைக்கச் சொல்லும் பக்கம். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். மாயாண்டி கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வைதான்.

"யார் இது உனக்கு வாசிச்சது?" என்றார் துரை.

"யாரும் இல்லீங்க. நானே படத்தப் பாத்து செஞ்சேன்."

"மடையன்! கணேசமூர்த்திகிட்ட கேக்கத் தெரியாதா?" என்று என்னைக் காட்டினார்.

அடுத்த மாதம் மெக்கானிக் வேலை எனக்கு வந்தது. புத்தகம் வாசிக்கத் தெரிந்தவன்தான் அந்த வேலைக்குச் சரி என்று தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் எழுதிக் கொடுத்தவரும் சின்னத் துரைதான். கடிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கும் வழியில் மாயாண்டியை நிறுத்தினேன்.

"ஏண்டா என் பேரச் சொல்லல?"

"சொன்னா ஒங்க வேல போயிருக்கும். அண்ணி பாவம்."

"இந்த வேல ஒனக்குக் கெடச்சிருக்குமே?"

"அதுக்காகவா அத்தன நாளு உக்காந்திருந்தேன்னு நெனச்சீங்க?" சிரிக்கப்போனவன் தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான். "நாலடி ஏறுச்சுண்ணே. ஏங் கையில ஏறுச்சு. பாத்தீங்கல்ல?"

வேலை என் சட்டைப் பையில் இருந்தது. அப்போதும் எனக்கு அவன்மேல்தான் பொறாமை.

பதினோரு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். அவன் என் கீழ்தான் வேலை செய்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, "அண்ணே" என்பதை விட்டதில்லை. புது இயந்திரம் வந்தால் நான் புத்தகத்தை வாசித்து இன்னின்ன மாதிரி பூட்டு என்று சொல்வேன். "சரிண்ணே" என்று தலையாட்டுவான். பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆபீஸ் கிளாக்கரிடம் போவான். அவரை அதே பக்கத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்துதான் ஸ்பானரைத் தொடுவான். ஸ்டோரில் எல்லோரும் பார்ப்பார்கள். நான் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை.