நான் அழுத்திப் பிடித்த கால்

என் கணவரின் மூளையில், இடது பக்கம், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. அதை எடுக்கும்போது வலது கை விளங்காமல் போய்விடலாம் என்றார் டாக்டர். பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காரும் மனுஷனுக்குக் கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது? "மூளையில எந்த இடம் கையை ஆட்டுதுன்னு முதல்ல ஸ்கேன்ல பார்த்துடலாம்மா. அதைத் தொடாம எடுக்கப் பார்க்கிறேன்" என்றார். அந்தப் படத்தைத்தான் நான் மலைபோல் நம்பினேன்.

மெஷினுக்குள் படுத்து, வலது கை விரல்களை மட்டும் மடக்கி நீட்ட வேண்டும். வேறெதுவும் அசையக் கூடாது. அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை இவர். "கையோட காலும் மிதிக்குதும்மா, படம் கெட்டுப்போச்சு" என்றபடி வெளியே வந்தார் ஸ்கேன் எடுப்பவர்.

எனக்கு வந்ததே கோபம்! இவரோ திருதிருவென்று முழித்தார். "டக்டக்குனு தறி மாதிரி சத்தம் வந்துக்கினே இருக்குது. கை போனா கால் தானா போவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

தறியில் கை இழுக்க இழுக்கக் கால் மிதிக்கும் முப்பது வருஷப் பழக்கம், யாரைக் குற்றம் சொல்ல? நான் உள்ளே வந்து காலைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். நகை எதுவும் கூடாது என்றார்கள். மெட்டியையும் தாலிச் சங்கிலியையும் ஒரு நொடிகூட யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தேன்.

மெஷின் இடிக்க ஆரம்பித்ததும் என் பிடிக்குள் அவருடைய வலது கால் மிதிக்கத் துடித்தது. சனியனே, சும்மா கிட என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அழுத்தினேன். மெல்ல மெல்ல அடங்கியது. அதன் பிறகே படம் சரியாக விழுந்தது.

கட்டியை ஒட்டி ஒரு சிவப்புத் திட்டு. "இதாம்மா கை" என்று காட்டினார் டாக்டர். இரண்டுக்கும் நடுவில் நூலளவு இடைவெளி. அவ்வளவாவது இருக்கிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் என் விரலை இறுகப் பிடித்தார். கை பிழைத்துவிட்டது. போர்வைக்குள் வலது கால்தான் அசையவில்லை. வீக்கம் வடிந்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தும் தினமும் அதே காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். அன்றைக்குச் சும்மா கிட என்று திட்டியதும் இதே வாய்தான். ஒரே ஒரு தடவை மிதித்துவிடு என்று அந்தக் காலிடமே கெஞ்சுகிறேன்.

படுக்கையில் அவர் வலது கை விரல்களை மடக்கி நீட்டுகிறார். கை போனால் கால் தானாகப் போகும் என்று இன்னும் நம்புகிறார்.

"அசைஞ்சுதா?"

"இன்னொரு வாட்டி மடக்குங்க."