படுவான்கரையில் ஒரு தவறான விடை

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மட்டக்களப்பில் ரயிலை விட்டு இறங்கினேன். காலையில் கொழும்பில் ஏறியது. கால்கள் மரத்துப் போயிருந்தன. கும்பகோணத்தில் அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பொது அறிவு சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. இந்திய வரலாறு, அரசியலமைப்பு, பண்பாடு எல்லாம் நுனி நாக்கில். பழுகாமத்துத் தவமலர் அக்கா போன வருடம் கோயில் யாத்திரை வந்தபோது எங்கள் தெருவில் தங்கிப் பழக்கமானவர். தங்கள் ஊர் நூலகத்தில் இந்தியாவைப் பற்றி ஒரு வினாடி வினா வைக்கிறார்களாம், கேள்வி கேட்க நான் வர வேண்டுமாம். சந்தோஷமாகக் கிளம்பிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் முடிக்க ஒரு வேலை காத்திருந்தது. தாத்தா கட்டி, நான் பிறந்து, இப்போது தம்பி குடும்பம் இருக்கும் வீட்டில் எனக்குள்ள பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, வியாழக்கிழமை பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் கணவரும் வாடகை வீட்டில் இருக்கிறோம், எங்களுக்கென்று வேறு கூரை இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அக்கா தங்கைகள் கேள்வி கேட்காமல் செய்வதுதான் இது. நானும் கேட்கவில்லை.

ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொல்லுமுன் அவரே கேட்டார்: "எழுவான்கரையா, படுவான்கரையா?" விழித்தேன். வாவி என்கிற நீண்ட கடற்கழிக்குக் கிழக்கே சூரியன் எழும் கரை, மேற்கே அது சாய்ந்து படும் கரை என்று அவர் விளக்கினார். பழுகாமம் படுவான்கரை. நாலாயிரம் ரூபாய் பேசி ஏறினேன். தெற்கே களுவாஞ்சிகுடி வரை கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். இடது பக்கமும் தண்ணீர், வலது பக்கமும் தண்ணீர். எது கடல், எது வாவி என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

வழியில் ஒரு வீட்டைக் காட்டி, "அதுதான் நான் பிறந்த வீடு. தங்கச்சிக்குக் குடுத்தாச்சு" என்றார். பாவம், ஏமாந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "அப்போ நீங்க?" என்றேன்.

"நான் பொஞ்சாதிட வீட்டில இரிக்கன். அவவுக்கு அவட அம்மா குடுத்த வீடு."

"தங்கச்சி வீட்டுக்குப் போறது வர்றது உண்டா?"

"பின்ன? நேத்தும் அங்கதான் சாப்பிட்ட" என்றவர், கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாவியைக் கடக்கும் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வயல்வெளிக்குள் போகும் வரை இதைத் தலையில் போட்டுக் குழப்பிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. நூலகக் கூடத்தில் அறுபது பேர் இருக்கலாம். முதல் குடியரசுத் தலைவர், அசோகரின் சிங்கத் தூண் எல்லாம் சரசரவென்று போயிற்று. எங்கள் மாணவர்கள் தடுமாறும் இடங்களில்கூட இவர்கள் தடுமாறவில்லை. முன்னணியில் இருந்தவள் கிருஷாந்தி, தையல் கற்கும் பெண். கடைசிக் கேள்வி அவளுக்கு.

"இந்துக்களின் பூர்வீகச் சொத்துச் சட்டத்தில் 2005-இல் இந்தியா முழுவதற்கும் வந்த பெரிய மாற்றம் என்ன?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஆம்பிளப் பிள்ளைகளுக்கும் சம பங்கு குடுத்தது."

கூடம் தலையாட்டியது. நடுவர் மேசையில் இருந்த தவமலர் அக்காவும் தலையாட்டினார். நான்தான் உளறிவிட்டேனோ என்று கேள்வியை மறுபடி வாசித்தேன். பிறகு, "இல்லை, பெண் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது" என்றேன்.

ஒரே சலசலப்பு. கிருஷாந்தி எழுந்து நின்றாள். "இங்க வீடெல்லாம் பொம்பிளப் பிள்ளைக்குத்தானே. அங்க அதுக்கு முதல் அவங்க எங்க இருந்தவங்க, டீச்சர்?"

கல்யாணமானதும் கணவன் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றேன். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம், அங்கே சொல்லும்போது எனக்கே விசித்திரமாகக் கேட்டது.

"சரி, சட்டம் வந்த பிறகு எல்லாரும் பங்கை எடுத்திருப்பாங்க, என்ன?"

"இல்லை. பெரும்பாலும் எழுதிக் கொடுத்துவிடுவோம்."

"ஏன்?"

பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், எந்த மாணவனும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தேர்வில் வராது. "கேட்டால் அண்ணன் தம்பி உறவு விட்டுப்போகும்" என்று முனகினேன். யாருக்கும் விளங்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. மதிப்பெண் கிடைக்காததால் கிருஷாந்திக்கு இரண்டாம் பரிசுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் தவமலர் அக்கா வீட்டில் பிட்டும் மீன் குழம்பும். சாப்பிட வந்திருந்த கிருஷாந்தியிடம், "நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அவள் பிட்டைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "வீடு இல்லாட்டி எங்களுக்கு மாப்பிள்ளை வராது டீச்சர். எனக்கு வீடு கட்டத்தான் அம்மா குவைத்துக்குப் போன. எனக்கு எட்டு வயசு அப்ப. கூரை போட்டாச்சு. அம்மா இன்னும் வரல்ல."

தவமலர் அக்கா அவள் தட்டில் குழம்பை ஊற்றினார். "ரெண்டு பொம்பிளப் பிள்ளை பெத்தா ரெண்டு வீடு. அதைக் கட்டி முடிக்கிறதுக்குள்ள தாய் தகப்பன்ட சீவன் போயிரும். நீங்க ஒண்டும் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படாதீங்க."

பகலில் இவர்கள் முறைதான் நியாயம் என்று தோன்றியிருந்தது, அதுவும் போயிற்று. இவர்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டுவதற்காக அம்மா இல்லாமல் போகிறாள். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடே இல்லை. எது மேல் என்று கேட்டால் எந்தக் கட்டத்தில் குறி போடுவேன்? ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர்களிடம் "ஏன்" என்று கேட்டால் பதில் இருந்தது, சரியோ தப்போ. என்னிடம் அதுகூட இல்லை.

ஞாயிறு காலை ஏழரைக்குப் பழுகாமத்தில் பஸ் ஏறினேன். தவமலர் அக்கா கட்டிக்கொடுத்த இடியப்பப் பொட்டலம் மடியில் சுட்டது. பட்டிருப்புப் பாலத்தில் பஸ் நின்றிருந்தபோது தம்பி அழைத்தான். "அக்கா, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்துடு. ஆதார் மறக்காதே."

"நான் கையெழுத்துப் போடலைடா" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. "யார் என்ன சொன்னாங்க அங்கே?" என்று மட்டும் கேட்டான். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன், அது உண்மைதான். போனை வைத்துவிடுவானோ என்று பயந்து, "எப்பவும் போல தீபாவளிக்கு வீட்டுக்கு வரேன், சரியா?" என்றேன்.

"வீட்டில் கேட்டுச் சொல்றேன்க்கா" என்றான்.

பஸ் கிளம்பி எழுவான்கரைக்கு வந்துவிட்டது. நான் பிறந்த வீட்டுக்கு நான் வரலாமா என்று அவன் யாரைக் கேட்கப் போகிறான் என்பது எனக்கு விளங்கவே இல்லை.