வாய் திறந்து சொன்ன பெயர்

எங்கள் மலையில், எடப்புளி நாட்டில், புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போகும்வரை எனக்கும் அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் கடிதங்கள் எல்லாம் அவருடைய அண்ணன் பெயருக்கே வரும். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அந்த அண்ணன்தான், பதில் எழுதுவதும் அவரே. ஒரு நாள் வந்ததை உரக்கப் படித்தார்: 'அவள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாளாமே. இனி அவளைத் தேட வேண்டாம்.' காய்ச்சலில் கிடந்த அம்மாவைப் பார்க்கத் தேவனூர் நாட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான். அதற்குக் கண் காது மூக்கு வைத்து எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளவா போகிறார்?

கூரை எரவாணத்தில் செருகியிருந்த அந்தக் கடிதத்தை உருவிக்கொண்டு, விடிந்ததும் மலையடியில் இருக்கும் சேந்தமங்கலத்துக்கு இறங்கினேன். சந்தையில் மனு எழுதுகிறவர் நான் சொல்லச் சொல்ல எழுதினார்: "நான் எங்கீயும் போவலீங்க. உங்க ஊட்டுலதான் இருக்கறேன்." முகவரிக்கு வந்தபோதுதான் வினை. பட்டாள நம்பர் நான் கொண்டுபோன கடிதத்தின் மேலே இருந்தது. கீழே 'தங்கள் தம்பி' என்று மட்டும்தான், பெயர் இல்லை.

"புருசன் பேரு என்னம்மா?"

"சாமி பேருங்க."

"எந்தச் சாமி?"

"மலைமேல இருக்கறவருங்க."

அவர் தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். சந்தைக்கு வந்தவர்கள் விடுகதை அவிழ்ப்பதுபோல் கூடி நின்று சிரித்தார்கள். என் வாழ்க்கை போகிறது, இவர்களுக்கு விளையாட்டு. வாயைத் திறந்து அவர் பெயரைச் சொன்னேன், மெதுவாகவும் சொல்லவில்லை. சிரிப்பு நின்றது.

"எழுதுங்க. உங்க பேரச் சொல்லிப்புட்டேன்னு அதையும் சேத்து எழுதுங்க," என்றேன்.

நான் மலையேறுவதற்குள் செய்தி ஏறிவிட்டது. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். "எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் நாக்குதான்டி காரணம்!" அதற்குப் பிறகு என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

பதில் என் பெயருக்கே வந்தது. அதை யாரிடமும் கொடுக்காமல் மறுபடியும் கீழே இறங்கிப் போய் அந்த மனு எழுதுகிறவரையே படிக்க வைத்தேன். 'இங்கே ஹவில்தார் காலையும் சாயங்காலமும் என் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறான். அதற்கே சாகாதவன் நீ சொல்லியா சாகப் போகிறேன்? யார் என்ன சொன்னாலும் வீட்டிலேயே இரு.' என் மனுஷர் அப்படித்தான். நடுத்தெருவில் நின்று நான் சிரித்தேன், அழவும் செய்தேன்.

ஆனால் அவர் வரவில்லை. சர்க்கார் தாள்தான் வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"தாய் ஊட்டுக்குக் கெளம்பு," என்றார் அவருடைய அண்ணன்.

"குண்டு போட்டவனக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க. இந்த ஊட்டுல இருன்னு சொல்ல வேண்டியவரு சொல்லிட்டாரு," என்றேன்.

பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். 'ராசா', 'சாமி' என்று பொதுப்பேர் வைத்துத்தான் எங்கள் பக்கம் ஒப்பாரி வைப்பது. நான் அவர் பெயரைச் சொல்லியே அழுதேன்.