ஏழு நிமிட நிபுணர்

என் அக்கா புருஷன் குழந்தை மனசை ஆராய்வதில் முன்னோடி. ஊர் அப்படிச் சொல்கிறது, அவரும் கூசாமல் ஆமாம் என்பார். அவர் புத்தகத்தை டைப் அடித்தவள் நான். அந்த மனுஷன் பெற்ற மகளுக்கு ஒரு தடவைகூட ஈரத் துணி மாற்றியதில்லை.

அவள் பிறந்ததும் ஆராய்ச்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது. கீழே தொட்டிலருகே மைக், மாடியறையில் ஸ்பீக்கர், அத்தான் கையில் ஸ்டாப்வாட்ச். தினமும் காலை பத்து மணிக்குக் குழந்தையைத் தனியாக விட்டுவிட வேண்டும். யாரும் கிட்டே போகக் கூடாது, அவரும் எட்டிப் பார்க்க மாட்டார். "பார்த்தா மனசு இளகிடும். காது போதும்" என்பார். ஆறு மாதம் இப்படிக் கேட்டுக் கேட்டு, அழுகிற குழந்தை ஏழாவது நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும் என்று எழுதினார்.

தானாகவாம்! ஏழு நிமிடத்துக்கு மேல் தாங்காதது அக்காவின் பொறுமை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே போவாள், மூச்சுக் காட்டாமல் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வாள். மாடியில் அத்தான் "அடங்கிடுச்சு!" என்று மேசையைத் தட்டுவார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

"சொல்லிடலாமேக்கா" என்றேன்.

"அவர் புரொபசர் ஆகட்டும்டி, அப்புறம் சொல்லிக்கலாம்."

ஆனார். அப்புறம் புத்தகம், பதிப்புமேல் பதிப்பு. அதை நம்பி எத்தனை தாய்மார்கள் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களோ! தெரிந்தே டைப் அடித்த என் கையையும் சேர்த்து உடைக்கணும்.

முப்பது வருஷம் கழித்து அந்த மகளே மூன்று மாதக் குழந்தையோடு வந்தாள். மறுநாள் காலை குழந்தை வீறிட்டது. அவள் கதவைச் சாத்திவிட்டு, அப்பாவின் புத்தகத்தோடு வெளியே நின்றாள். அத்தான் பெருமை பொங்கக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம் போனது. பத்தும் போனது. உள்ளே குழந்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அக்கா வாயைத் திறந்தால் புருஷன் பேர் போச்சு, மூடினால் அந்தப் பிஞ்சு என்ன ஆகும்?

"இது விதிவிலக்கும்மா. இன்னும் கொஞ்சம் பொறு" என்றார் அத்தான்.

"விதிவிலக்காவது மண்ணாங்கட்டியாவது!" அக்கா வெடித்தாள். "அப்போ தினமும் நான்தாங்க உள்ள போய் இவளத் தூக்கினேன். ஒருநாள் விடல!"

அத்தான் நாற்காலியில் சரிந்தார். "ஐயோ, என் பேர் என்ன ஆகும்?"

மகள் ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வந்தாள். நேரே அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா வராம இருந்திருந்தா, எத்தனை நிமிஷத்துல நீங்க கீழ இறங்கி வந்திருப்பீங்கப்பா?"

அத்தான் நிஜமாகவே யோசித்தார்.

"அது ஆராய்ச்சியில இல்லையேம்மா" என்றார்.