முறியாத அச்சு

ஆரோக்கியநாதனுக்கு எதிலும் அளவான ஆசை கிடையாது. பினாங்குத் தீவில், பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன், சின்ன ஃபோர்டு வண்டி ஒன்றை வாங்கி, மரத்தில் மோதி நொறுங்கிய ஒரு துரையின் பியூக் காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி அதில் தூக்கி வைத்தான். பின்னால் பலகையடித்து ஆளும் மூட்டையும் ஏற்றினான். பின் அச்சு மட்டும் பழைய ஃபோர்டு அச்சுதான்.

"எருமையைக் கொண்டுபோய் ஆட்டு வண்டியில பூட்டியிருக்கே லா" என்று பட்டறைக் கூட்டாளி கமாலுதீன் சிரித்தான்.

சிரித்தது பலித்தது. அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் பைராம் ரப்பர் தோட்டத்து ஜனங்களை ஏற்றிப் போனபோது, ஒரு ஏற்றத்தில் படீரென்று அச்சு முறிந்தது. எஞ்சின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. ஜனங்கள் அவனைத் திட்டிக்கொண்டே நடையைக் கட்டினார்கள். கால் சுளுக்கியிருந்த சவுந்தரம் என்ற பெண்ணும் அவளுடைய அத்தையும் மட்டும் மாட்டு வண்டி வரட்டும் என்று தங்கினார்கள்.

வண்டி வர மத்தியானம் ஆனது. அதுவரை ரப்பர் மர நிழலில் அத்தை குறட்டை விட, அவனும் சவுந்தரமும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. தீவுக்குப் போகும் ஃபெரியில் தான் ஏறியதே இல்லை, பினாங்கைப் பார்த்ததே இல்லை என்றாள் அவள்.

"அடுத்த வருஷம் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் ஆரோக்கியநாதன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் ஒரு வருஷம் ஓட்டினான்.

மறுநாளே போய்ப் பெண் கேட்டிருக்கலாம். ஆனால் நடுரோட்டில் வண்டியைப் போட்டவனுக்கு எந்த அப்பன் பெண் கொடுப்பான் என்று வெட்கம். முறியாத அச்சை மாட்டி, முறியாத வண்டியில் போய்த்தான் கேட்பது என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டான். வாரநாள் வேலைக்குச் சரியாகப் போயிற்று. ஆகவே ஞாயிறு பூசையை விட்டுவிட்டுப் பழைய இரும்புக் கடைகளில் அச்சு தேடினான்.

கடைசியில் இரண்டு கிடைத்தன. அவற்றைத் துடைத்து வைத்த நாளில் சவுந்தரத்தின் அப்பா சூசை பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, சவுந்தரத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இங்கதான், கிராணி, ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேலை. உங்க பினாங்கு ரோட்டுக் கோயில்லயே மூணு ஓலையும் படிச்சாச்சு. நீ கேட்டிருப்பியே. பொண்ணையும் சனத்தையும் நீதான் ஏத்திட்டு வரணும். போன தடவை மாதிரி வழியில போட்றாதப்பா."

தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் கேட்பதுதான் ஓலை. அந்த மூன்று ஞாயிறும் அவன் இரும்புக் குவியலில் கிடந்தான். சூசையிடம் தலையை ஆட்டினான், வேறென்ன செய்வான்.

அவர் போனபின், விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அச்சுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசினான். மெல்லியதில் ஒரு மயிரிழைக் கோடு எண்ணெயாய்க் கசிந்தது. விரிசல். மூன்று டன் லாரியிலிருந்து வந்த தடித்த அச்சில் ஒன்றுமில்லை. ஆனால் அதை மாட்ட வெட்டி ஒட்டும் வேலை ஏராளம், வண்டியின் வேகமும் செத்துவிடும்.

விரிசல் அச்சு எங்கே முறியும் என்று அவனுக்குத் தெரியும். அதே ஏற்றத்தில்தான். இன்னொரு மத்தியானம் கிடைக்கும். கல்யாணம் தள்ளிப்போகும், யார் கண்டது, நின்றும் போகலாம். பாழாய்ப்போன மனசு அந்த இரும்பைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு, ஏற்றத்தில் பின்னால் உருளும் வண்டியும் அதற்குள் அவளும் கண்முன் வந்தார்கள். தடித்ததையே தூக்கி மாட்டினான்.

கல்யாணத்தன்று சவுந்தரம் அத்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். அதே ஏற்றம் வந்தது. வண்டி முக்கி முக்கி ஏறியது.

"இது முறியாதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"முறியாது."

"நல்லாப் பாத்துத்தான் மாட்டினீங்களா?"

"நல்லாப் பாத்துத்தான்."

அவள் ரப்பர் மரங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் அந்த மத்தியானத்தைத்தான் நினைத்திருந்தாள் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஃபெரியில் வண்டியிலிருந்து இறங்கி நின்று அவள் கடலைப் பார்த்தாள். பினாங்கு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றாள்.

கரை தட்டியதும் எஞ்சினைக் கிளப்பினான். அச்சு ஒரு முனகல்கூட இல்லாமல் கோயில்வரை இழுத்தது.