நான் ஊற்றிய தண்ணீர்

பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் ஈப்போவில் இருக்கும் என் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். சுங்கை சிப்புட் தாண்டியதும் முன்னால் ஒரு லோரி, ரப்பர் கட்டிப்பாலை ஏற்றிக்கொண்டு போனது. "நாறுதுலா, ம்மா!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு ஏழு வயதில், ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால்மரம் சீவப் போன நாளின் வாடை அது. எல்லார் வாளியும் நிறைந்திருந்தது. அம்மாவுடையது மட்டும் பாதிதான். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தை எடுத்து ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றி நிரப்பிவிட்டேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

பால் நிறுக்கும் கொட்டகையில், கணக்கெழுதும் கிராணி பாலின் அடர்த்தியைக் காட்டும் சோதனைக் குழாயை அம்மாவின் வாளிக்குள் விட்டுப் பார்த்தார்.

"என்னா இது, தண்ணி கலந்திருக்கு? நீயுமா இப்படி?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அம்மா என் நனைந்த கவுனைப் பார்த்தாள்.

"நான்தாங்க ஐயா ஊத்துனேன்" என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை. அம்மாவும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் வேலையை விடும்வரை அவள் வாளியை மட்டும் இரண்டு தடவை சோதித்தார்கள்.

"பாட்டி இந்த வேலதானே செஞ்சாங்க?" என்றாள் மகள், முன்னால் போன லோரியைக் காட்டி.

"ஆமா" என்றேன். அதற்கு மேல் இவளிடமும் சொல்ல வாய் வரவில்லை.